முதுமையில் வரும் மறதி நோய்: மூளைக்குள் நடப்பது என்ன?

குடும்பங்களைச் சந்திக்கப் போகும் இடங்களில் எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “அப்பு காலமை சாப்பிட்டதை மத்தியானம் மறந்துபோறார். ஆனால் ஊரிலே கிணறு வெட்டின வருசத்தையும், வெட்ட வந்த ஆட்களின் பேரையும் பிசகாமல் சொல்லுறார். இது என்ன மறதி? எங்களைப் பேய்க்காட்டுறாரோ?”

சிலர் இதனை வயதின் குணம் என்று விட்டுவிடுகிறார்கள. சிலர் செய்வினை என்று நூல் கட்டுகிறார்கள். இன்னும் சிலர், இடம்பெயர்ந்த கவலை மூளையைத் தின்றுவிட்டது என்கிறார்கள். கவலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னர் சொல்வோம். ஆனால் மேலே உள்ள கேள்விக்கு மூளைக்குள்ளேயே தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையை அறிந்த வீட்டில் அப்புவுக்கு ஏச்சு விழுவது குறையும் என்பதனாலேயே அதனைச் சற்று விரிவாக இங்கு எழுதுகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதி நோயுடன் வாழ்ந்தார்கள். இதனை வைத்தியர்கள் டிமென்சியா என்பார்கள். டிமென்சியா என்பது ஒரே நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுப் பெயர். அவற்றுள் நூற்றுக்கு அறுபது எழுபது பங்கு வருவது அல்சைமர் நோய் என்பதாகும்.

ஜேர்மன் வைத்தியர் கண்டது

1901ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலைக்கு அவுகுஸ்தே டீற்றர் என்ற பெண் கொண்டுவரப்பட்டார். வயது 51. அங்கிருந்த வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் அவரிடம் கேள்விகள் கேட்டு விடைகளைக் குறித்து வைத்தார். மதிய உணவாகப் பன்றியிறைச்சியும் பூக்கோவாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டபோது, கீரை என்றார். தம் பெயரை எழுதச் சொன்னபோது பாதியில் நின்றுவிட்டார். தம்மைத் தாமே தொலைத்துவிட்டதாகவும் சொன்னார். காணாமற் போயிருந்த அந்தக் குறிப்புக் கோவை 1995இல் பிராங்பேர்ட்டிலேயே மீண்டும் கிடைத்தது.

1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அப்போது மியூனிக் நகரில் பணியாற்றிய அல்சைமர், அவரது மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தார். இரண்டு காரியங்கள் தெரிந்தன. நரம்புக் கலங்களுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. கலங்களுக்கு உள்ளே நூல் சிக்கியதுபோல முடிச்சுகள் இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் டியூபிங்கன் நகரில் நடந்த வைத்தியர் மாநாட்டில் இதனைச் சொன்னார். அங்கே எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1910இல் அவரது தலைமைப் பேராசிரியர் கிரேப்பலின் தமது பாடநூலில் நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார்.

அந்தத் திட்டும் முடிச்சும் எவை என்று அறிய மேலும் எழுபது எண்பது ஆண்டுகள் சென்றன. 1984இல் கிளெனர், வொங் என்ற இருவர், இந்நோயாளரின் மூளை இரத்தக் குழாய்களிற் படிந்திருந்த புரதத்தைப் பிரித்தெடுத்தனர். மூளைத் திட்டுகளில் இருப்பதும் அதே புரதம் என்பது மறு ஆண்டு தெரிந்தது. அதன் பெயர் அமிலோயிட் பீற்றா. உள்ளே இருக்கும் முடிச்சு டௌ என்ற வேறொரு புரதம் என்பதும் அதே காலத்திலேயே தெளிவாயிற்று. புரதம் என்றதும் பருப்பையும் மீனையும் நினைக்க வேண்டாம். சாப்பாட்டுப் புரதத்தால் இந்நோய் வருவதில்லை. இவை மூளை தன் வேலைக்காகத் தானே செய்துகொள்ளும் பொருட்கள். அவை உரு மாறிப் பழுதாவதே நோய்.

இணைப்பு என்பது என்ன?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. ஒவ்வொரு கலமும் ஒரு மரம் போன்றது. ஒரு பக்கம் கிளைகள். மறுபக்கம் நீண்டு செல்லும் ஒரு வேர். ஒன்றின் வேர் நுனி இன்னொன்றின் கிளையை நெருங்கும் இடமே நரம்பிணைப்பு. ஒவ்வொரு கலத்துக்கும் இப்படி ஆயிரக்கணக்கான இணைப்புகள். அங்கே இரண்டு கலங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. மயிரிழையின் தடிப்பை ஆயிரமாகப் பிரித்தால் வரும் அளவிலும் சிறிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியை ஒரு சிறு துளி இரசாயனம் கடந்து அக்கரையில் உள்ள ஏற்பிகளிற் பட்டால்தான் செய்தி போய்ச் சேரும்.

நாம் ஒன்றைக் கற்கும்போது இந்த இணைப்புகளே பலப்படுகின்றன. காட்டிலே ஒற்றையடிப் பாதை எப்படி உண்டாகிறது? யாரும் வெட்டுவதில்லை, நடக்க நடக்கப் பாதையாகிறது, நடவாதுவிடப் பற்றை மூடுகிறது. நினைவும் அப்படியே. ஆகவே நினைவு கெட வேண்டுமானால் கலம் சாகவேண்டும் என்பதில்லை. பாதை மூடினாலே போதும். 1991இல் அமெரிக்க ஆய்வாளர் ரொபேட் டெரியும் உடனிருந்தோரும், இறந்த நோயாளர்களின் மூளைகளைச் சோதித்து ஒரு உண்மையைக் காட்டினார்கள். மறதியின் கடுமையோடு மிக நெருங்கிப் பொருந்தியது திட்டுகளின் தொகையன்று, இணைப்புகளின் இழப்பே. கலங்கள் இறப்பது உண்மைதான். ஆனால் அது பிந்திய கட்டம்.

வெளியே ஒட்டும் புரதம்

நரம்புக் கலத்தின் சுவரில் நீளமான ஒரு புரதம் செருகப்பட்டு நிற்கிறது. நொதியங்கள் இரண்டு கத்தரிக்கோல்கள்போல அதனை இரண்டு இடத்தில் வெட்டும்போது நடுத்துண்டு வெளியே விழுகிறது. அதுவே அமிலோயிட் பீற்றா. இது எல்லோருடைய மூளையிலும் நாள்தோறும் நடப்பது. விழும் துண்டுகளை மூளை கழுவி அகற்றிவிடுகிறது. துண்டு பெரும்பாலும் 40 அமினோ அமிலங்கள் நீளமானது. சில 42 ஆக வெட்டுப்படும். அந்த இரண்டு கூடியதனால் வரும் கேடு பெரிது. 42 கொண்ட துண்டுகள், வேட்டியில் ஒட்டுப்புல் ஏறுவதுபோல, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விழுவது கூடினாலோ அகற்றுவது குறைந்தாலோ அவை சேரத் தொடங்குகின்றன. முதலிற் சில துண்டுகள் சேர்ந்த சிறு கட்டிகள், பின் நூல்கள், கடைசியில் அல்சைமர் கண்ட பெருந் திட்டுகள்.

கண்ணுக்குத் தெரிந்த பெருந் திட்டே எதிரி என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1990களின் பிற்பகுதியிலிருந்து நடந்த ஆய்வுகள், கரைந்த நிலையில் அலையும் சிறு கட்டிகளே இணைப்புகளுக்குக் கூடிய நஞ்சு எனக் காட்டின. அவை இடைவெளியின் அக்கரையில் ஒட்டி, செய்தியை வாங்கும் ஏற்பிகளைக் குழப்புகின்றன. சில ஏற்பிகள் சுவரிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு மறைகின்றன. கலத்துக்குள் கல்சியம் அளவுக்கு மிஞ்சிப் புகுகிறது. பலப்பட வேண்டிய இணைப்பு தளர்கிறது. கிளையில் மொட்டுப்போல நின்ற சிறு முனை சுருங்கிப்போகிறது. கலம் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அயலாரோடு கதை இல்லை.

இதில் இன்னொரு கைவரிசையும் உண்டு. மூளையிற் காவற் கலங்கள் சில இருக்கின்றன. குழந்தையின் மூளை வளரும்போது தேவைக்கு மேற்பட்ட இணைப்புகளை இவை அரித்து அகற்றும். நெருக்கமாக முளைத்த நாற்றைக் கலைத்துவிடுவது போன்ற நல்ல வேலை அது. 2016இல் எலிகளில் நடந்த ஆய்வில், அமிலோயிட் சேரத் தொடங்கியதும் இந்தப் பழைய வேலை மீண்டும் தொடங்குவது காணப்பட்டது. இம்முறை கலைக்கப்படுவது மேலதிக நாற்றன்று. கதிர் விடும் பயிர். திட்டுகள் தோன்றுவதற்கு முன்னரே இந்த அழிவு நடப்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

உள்ளே குலையும் புரதம்

இனி டௌ. நரம்புக் கலத்தின் நீண்ட வேர் வழியே சத்தும் சாமானும் நுனிவரை போகவேண்டும். சில கலங்களின் வேர் ஒரு மீற்றர் அளவும் நீளும். அதற்காகக் கலத்துக்குள் மெல்லிய குழாய்களாலான தண்டவாளங்கள் உண்டு. அவற்றைக் குலையாமற் பிடித்து வைப்பது டௌ. தண்டவாளத்துக்குச் சிலிப்பர்க் கட்டை எப்படியோ அப்படி. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் 1990இல் நின்றது. அதன்பின் கட்டைகளும் தண்டவாளங்களும் போனதை எம்மிற் பலர் கண்டோம். 2014இல் யாழ்ப்பாணம்வரை மீண்டும் ஓடுவதற்கு எல்லாவற்றையும் புதிதாகப் போடவேண்டியிருந்தது. மூளையில் அப்படிப் புதிதாகப் போட இன்றுவரை வழி இல்லை.

டௌ ஏன் கழலுகிறது? அதன்மேல் பொசுபேற்று ஏறுவதும் இறங்குவதும் வழக்கம். பசளையில் இருக்கும் அதே பொசுபேற்றுத்தான். இந்நோயில் அது வழமையைவிட மூன்று நான்கு மடங்கு ஏறிவிடுகிறது. பாரம் மிஞ்சிய டௌ தண்டவாளத்தைக் கைவிட்டு, ஒன்றோடொன்று முறுகி முடிச்சாகிறது. தண்டவாளம் ஆட்டங்காணுகிறது, சாமான் வழியிலே தங்குகிறது. முதலிற் பட்டினி கிடப்பது மிகத் தூரத்தில் உள்ள நுனி, அதாவது நரம்பிணைப்பு. கடைவாய்க்கால் வயல்தானே முதலிற் காயும். கழன்ற டௌ போகக்கூடாத கிளைப்பக்கமும் போய் அங்குள்ள இணைப்புகளையும் கெடுக்கிறது.

இவ்விரு புரதங்களுள் முந்தியது எது என்பதில் ஆய்வாளர் நீண்டகாலம் வழக்காடினார்கள். அமிலோயிட்டுக்குரிய பரம்பரை அலகில் உள்ள ஒரு பிழையே சில குடும்பங்களில் இளவயதில் இந்நோயைக் கொண்டுவருகிறது என 1991இல் தெரிந்தது. ஆகவே தொடக்கம் அமிலோயிட் என்பதற்குச் சான்று வலுவானது. ஆனால் அமிலோயிட் சேர்வது அறிகுறிகளுக்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்குகிறது; அத்தனை காலமும் ஆள் நலமாகவே நடமாடுவார். டௌ பரவும்போதுதான் மறதி வெளியே தெரிகிறது. எமது எண்ணத்தில் ஒன்றைத் தீப்பொறி என்றும் மற்றதைக் கிடுகுக் கூரை என்றும் கொள்வது பொருந்தும்.

அப்புவின் மறதிக்கு விடை

பழுதான டௌ தன் பக்கத்தில் உள்ள நல்ல டௌவையும் பழுதாக்கும். இணைப்புகள் வழியாகக் கலத்துக்குக் கலம் பரவவும் செய்யும். ஆகவே அது கண்டபடி பரவுவதில்லை. ஒரு பாதையிற் போகிறது. ஹைக்கோ பிராக், ஏவா பிராக் என்ற ஜேர்மன் தம்பதியர் 1991இல் அந்தப் பாதையை வரிசைப்படுத்தினார்கள். அது காதுக்கு நேரே உட்புறமாக உள்ள ஒரு சிறு பகுதியில் தொடங்குகிறது. அடுத்துப் பக்கத்தில், கடற்குதிரை வடிவில் இருப்பதனால் அப்பெயராலேயே அழைக்கப்படும் பகுதிக்குப் போகிறது. அதன்பின்பே மூளையின் மேற்பரப்பெங்கும் விரிகிறது.

இந்தக் கடற்குதிரைப் பகுதிதான் அன்றாட நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் கந்தோர். நெல்லைச் சாக்கிற் கட்டிக் குறியிட்டு உள்ளே அனுப்பும் இடம் என்று சொல்லலாம். பல ஆண்டுகளுக்கு முன் உள்ளே போன சாக்குகள் மூளையின் மேற்பரப்பில் அங்கங்கே அடுக்கப்பட்டுவிட்டன. நோய் அங்கே போக இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் இன்று காலை வந்த நெல்லைக் கட்டுவதற்கு ஆள் இல்லை; அது முற்றத்தில் சிந்திப் போகிறது. ஆகவே கிணறு வெட்டிய ஆண்டு நிற்கிறது. காலைச் சாப்பாடு நிற்கவில்லை. அப்பு பேய்க்காட்டவில்லை. சாப்பிட்டதை அவர் மறந்தார் என்பதும் சரியன்று. அது அவருள் பதியவே இல்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதன் கனம் வேறு. பிந்திய ஆண்டுகள் முதலில் உதிர்வதனால், இடம்பெயர்வும் அதற்குப் பின் வந்த வாழ்வும் சேர்ந்து உதிர்ந்துபோகும். மிஞ்சுவது பழைய ஊர். மாலையானதும் ஆச்சி உடுப்பைக் கட்டிக்கொண்டு “வீட்டை போவம், மாடு அவிட்டுக் கட்டவேணும்” என்று படலையடிக்கு வருவார். அவருக்கு இந்த வீடு பிறத்தியார் வீடு. அந்த மாடு இன்னும் நிற்கிறது. இது பிடிவாதமன்று.

“ஆச்சி, எங்கட வீடு உடைஞ்சுபோச்சு, ஐயாவும் செத்துப்போனார், எத்தனை தரம் சொல்லுறது?” என்று பிள்ளைகள் கோபிக்கிறார்கள். அந்தக் களைப்பு எமக்கு விளங்குகிறது. ஆனால் சொல்லும் ஒவ்வொரு தரமும் ஆச்சி அந்தச் சாவை முதன்முறையாகவே கேட்கிறார். சொன்ன செய்தி பத்து நிமிடத்தில் அழிந்துவிடும். அழுகையின் கனம் மட்டும் பொழுது சாயும்வரை நிற்கும். உணர்ச்சியின் தடம் வேறு பகுதியைச் சார்ந்தது என்பதே காரணம். ஆகவே திருத்துவதைவிட, “எந்த மாடு ஆச்சி? சிவப்பியோ? எவ்வளவு பால் கறந்தது?” என்று கேட்டு, கதையோடு கதையாகத் தேத்தண்ணி கொடுத்து உள்ளே அழைத்துவருவது நல்லது. இது பொய் சொல்லி ஏமாற்றுவதாகாதா என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். அவர் நிற்கும் இடத்துக்கு நாம் போய் அவரோடு நிற்பதை ஏமாற்று என்று நாம் கருதவில்லை.

கட்டில்லாத கிணறு உள்ள வளவுகளில் இப்படியானவரைத் தனியே விடுவது ஆபத்து. சட்டைப் பையில் வீட்டாரின் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும். அயலாருக்கும் வருத்தத்தைச் சொல்லி வையுங்கள். மறைத்தால் தேடும்போது உதவிக்கு ஆள் வராது.

கன்னியர் மடத்து ஆய்வு

திட்டும் முடிச்சும் இருந்தால் எல்லோருக்கும் ஒரேயளவு மறதி வருமா? வராது. 1986இல் அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் நோத்ரடாம் பாடசாலைச் சகோதரிகள் என்ற துறவற சபையில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 678 அருட்சகோதரிகள் ஆண்டுதோறும் பரீட்சை எழுதச் சம்மதித்தார்கள். இறந்தபின் தம் மூளையைக் கொடுக்கவும் சம்மதித்தார்கள். ஒரே சாப்பாடு, ஒரே வகை வாழ்வு என்றபடியால் ஒப்பிடுவது எளிதாயிற்று. அவர்களுள் மேரி என்ற சகோதரி 101 வயதில் இறந்தார். கடைசிவரை பரீட்சைகளில் நல்ல புள்ளி எடுத்தவர். ஆனால் அவரது மூளையில் திட்டும் முடிச்சும் நிறைந்திருந்தன. இணைப்புகள் செழித்த மூளை சில பாதைகள் மூடினாலும் வேறு பாதையாற் சுற்றிப் போய்விடுகிறது.

அதே ஆய்வின் 1997ஆம் ஆண்டு முடிவு இன்னும் முக்கியமானது. திட்டும் முடிச்சும் ஒரேயளவு இருந்தவர்களுள், மூளையிற் சிறு இரத்தக்குழாய் அடைப்புகளும் சேர்ந்திருந்தவர்களுக்கே மறதி மிகக் கூடுதலாக வந்திருந்தது. அமிலோயிட்டை நாம் தடுக்க முடியாது. அடைப்பைப் பெருமளவு தடுக்கலாம். பிரசரையும் சீனியையும் கட்டுப்படுத்த வேண்டும். கிளினிக் நாளைத் தவறவிடக் கூடாது. புகையிலையையும் கசிப்பையும் விட வேண்டும். லான்செற் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு 2024இல் மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கூறி, அவற்றைச் சீராக்கினால் மறதி நோயில் நூற்றுக்கு 45 பங்குவரை தடுக்கவோ பிந்தவைக்கவோ முடியும் என்றது. படிப்பின்மை, காது கேளாமை, கண்பார்வைக் குறைவு, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை ஆகியனவும் அவற்றுள் அடங்கும். கவலைக்கும் பங்குண்டு என்று முன்னர் சொன்னது இதனாலேயே. கற்றராக் சத்திரசிகிச்சையை “இந்த வயதில் எதற்கு” என்று ஒத்திப்போடும் வீடுகள் இதைக் கவனிக்கவேண்டும்.

மருந்து உண்டா?

டொனெபெசில் போன்ற மாத்திரைகள் இடைவெளியைக் கடக்கும் இரசாயனங்களுள் ஒன்றைக் கூட்டுகின்றன. சிலருக்குச் சிலகாலம் உதவும், நோயை நிறுத்தா. அமிலோயிட்டை அகற்றும் லெக்கனெமாப் அமெரிக்காவில் 2023இலும், டொனனெமாப் 2024இலும் அனுமதி பெற்றன. லெக்கனெமாப் ஆய்வில், 18 மாதங்களில் நோயின் சரிவு நூற்றுக்கு 27 பங்கு மெதுவாயிற்று. போன நினைவு திரும்பவில்லை. சிலருக்கு மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்பட்டன. அவை ஆரம்ப நிலைக்கு மட்டுமே உரியவை. பெரும்பாலும் நாளத்தால் ஏற்றவேண்டும், அடிக்கடி மூளையைப் படம்பிடிக்க வேண்டும். விலையும் பெரிது. இவற்றுக்காகக் காணியை ஈடு வைக்கவேண்டாம் என்பதே எமது கருத்து.

அதைவிட முதலிற் செய்யவேண்டியது, மறதி தொடங்கியவரை அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவது. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, கடும் மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியனவும் இதே தோற்றத்தில் மறதியைத் தரும். இவை சிகிச்சைக்கு அடங்குபவை. அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரவிற் குழம்பினால் அது வேறு. சிறுநீர்க் கிருமி, நெஞ்சுச் சளி, சீனி இறங்கியது, பாரிசவாதம் என ஏதாவது இருக்கலாம். அவரை அன்றைக்கே கொண்டுபோங்கள். போகும்போது அவர் குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்துச் செல்லுங்கள்.